மேடை இருந்த இடம்

மைசூரில் டிசம்பர் மாதக் காலையில் ஆய்வறைக்குள் நுழைந்ததும் என் கை தேடுவது தெர்மாமீட்டரை. தொட்டித் தண்ணீர் 24 டிகிரியில் இருக்க வேண்டும். ரொம்பக் குளிர்ந்தால் எலி விறைத்துப்போகும். வெதுவெதுப்பாகிவிட்டால் தேடாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்போது நான் அளப்பது நினைவாற்றலாக இருக்காது.

ரிச்சர்ட் மோரிஸ் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனை இது. வட்டமான பெரிய தொட்டி, கலங்கலாக்கிய தண்ணீர், அதற்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒளிந்திருக்கும் சின்ன மேடை. ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்திலிருந்து எலியை விடுவோம். இடமா வலமா என்று உடம்பு மனப்பாடம் செய்து பயனில்லை. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிதைந்த எலிகளுக்கு ஒளித்த மேடை அகப்படவில்லை என்றும், கண்ணுக்குத் தெரியும் மேடையை அவை எளிதில் எட்டின என்றும் 1982இல் மோரிஸ் குழு காட்டியது. நீச்சல் இருந்தது, பார்வை இருந்தது. இடம்தான் தொலைந்திருந்தது.

அந்த ‘இடம்’ தொட்டிக்குள் இல்லை என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு பீரோ. பத்து நொடிக்குள் மேடையேறிக்கொண்டிருந்த எலிகள் ஒருநாள் மொத்தமாகத் தவறான பக்கம் போய்த் தேடின. தண்ணீரைச் சந்தேகித்தேன், கொடுத்த மருந்தைச் சந்தேகித்தேன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் வாசலில் நின்றபடியே, “மேடம், பச்சை பீரோவ யாரு இந்தப் பக்கம் தள்ளினது?” என்றார். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். எலிக்குப் பிடிமானமாக அந்த அறையில் இருந்த பெரிய பொருள் அது ஒன்றுதான். பீரோவிலிருந்து கணக்கிட்டால் எலிகள் போனது மிகச் சரியான இடத்துக்கு.

எலி ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்களை ஹிப்போகாம்பஸில் ஜான் ஓ’கீஃபும் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971இல் அறிவித்தார்கள். சுவரில் மாட்டிய அட்டையைச் சுற்றி நகர்த்தினால், அந்தச் செல்கள் துடிக்கும் இடமும் கூடவே சுற்றும் என்று பின்னால் தெரிந்தது. படித்துத்தான் இருந்தேன். பீரோ நகர்ந்த அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது. அன்றிலிருந்து நான் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறேன். எலிக்கு நானும் ஓர் அடையாளம்தானே.

என்னை மிகவும் ஈர்த்த சோதனை பாக்கார்டும் மெக்காவும் 1996இல் வெளியிட்டது. சிலுவை வடிவப் பாதையில் எட்டாம் நாள் எலிகள் இடத்தை வைத்துத் திரும்பின. பதினாறாம் நாள் பழக்கத்தில் திரும்பின. அப்போது காடேட் என்ற மூளைப் பகுதியை மருந்தால் சற்று நேரம் மரக்கச் செய்ததும், பழைய இட நினைவு மறுபடி தலைதூக்கியது! பழக்கம் வந்து வரைபடத்தை அழிக்கவில்லை, மேலே மூடியிருந்தது. அதனால்தான் அதிக நாள் பழக்கிய எலியின் வேகத்தை நான் நினைவாற்றல் என்று சட்டென எழுதுவதில்லை.

தசராவுக்கு முன்பு யானைகளையும் குதிரைகளையும் பழக்க இங்கே பீரங்கி வெடித்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் புதிய எலிகளைத் தொட்டியில் இறக்குவதில்லை. நீடித்த மன அழுத்தத்தில் ஹிப்போகாம்பஸின் சிஏ3 என்ற பகுதியில் நரம்புக் கிளைகள் குறுகுவதையும், அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் பெருகுவதையும் பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002இல் காட்டியது. ஒரு வெடிச்சத்தம் அவ்வளவு செய்துவிடாது. ஆனால் பயந்த எலி தேடுவதில்லை, சுவரை ஒட்டியே சுற்றும். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே தினமும் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து வைத்திருப்பது என் வழக்கம். மீசை துடிப்பது அடங்கி, உள்ளங்கையில் எலியின் எடை தளர்ந்து இறங்குவது தெரியும். அதன் பிறகுதான் தண்ணீர்.

கடைசி நாள் மேடையை எடுத்துவிட்டு எலியை விடுவோம். 60 நொடி. எனக்குத் தெரிவதெல்லாம் வெள்ளைத் தண்ணீர். எலியோ மேடை இருந்த இடத்துக்கு நேராகப் போகிறது, சின்ன வட்டமாகச் சுற்றுகிறது, கொஞ்சம் விலகுகிறது, மறுபடி அதே இடத்துக்கு வருகிறது. மணி அடித்ததும் துண்டை விரித்துக்கொண்டு கையை நீட்டுகிறேன்.