இல்லாத பசுவின் விலை

இல்லாததை விற்றுப் பிழைக்கிறவன் நான். என் நாவல்களில் வரும் ஊரும் இல்லை; மனிதர்களும் இல்லை. ஆகவே, இல்லாத பசுவை விற்றவர்களைச் சட்டென்று பழித்துவிட எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவிலுள்ள ஸிங்கா கம்பெனி 2009 ஜூனில் ‘ஃபார்ம்வில்’ என்ற பண்ணை விளையாட்டை ஃபேஸ்புக்கில் தொடங்கியது. ஆடுவதற்குக் காலணா தர வேண்டாம். ஸ்ட்ராபெரி விதைத்தால் நாலு மணி நேரத்தில் பழுக்கும். நேரத்தோடு வந்து பறிக்காவிட்டால் வாடிவிடும். வியாபாரம் அங்கேதான் இருந்தது. காத்திருக்கப் பொறுக்காதவர்களும், வாடிய பயிரை மீட்க நினைத்தவர்களும் நிஜப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்கினார்கள். ஆடியவர்கள் கோடிக்கணக்கானவர்கள், கொடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரே போதுமாயிருந்தது! 2011 ஜூலை முதல், தன் நாணயத்தின் மூலமே பணம் வாங்க வேண்டுமென்று விதித்து, நூற்றுக்கு 30 வீதம் தரகு எடுத்துக்கொண்டது ஃபேஸ்புக். அவ்வாண்டு அதன் வருமானத்தில் நூற்றுக்கு 12 பங்கு ஸிங்காவினால் வந்ததாம்.

பசு பொய்யாயிருப்பதில் எனக்குக் குறையில்லை. அதைக் கண்டு ஒருவர் மகிழ்ந்தால் அந்த மகிழ்ச்சி மெய்தானே? ஆனால், தவிப்பைத் தாமே உண்டாக்கி, அதற்கு மருந்தும் தாமே விற்பது வேறு விஷயம். நானும் தொடர்கதையில் ‘தொடரும்’ போடுகிறவன்தான். மேற்கொண்டு பணம் கொடுத்தவருக்கு மட்டும் அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டிக் காட்டியதில்லை.

2020 டிசம்பர் 31-ஆம் தேதி அந்தப் பண்ணையை மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பசுக்களும் அதோடு போயின. என் புத்தகம் பிடிக்காமற் போனால், வாசகர் அதைப் பழைய பேப்பர்காரரிடமாவது எடைக்குப் போடலாம்.