பாட்டிலில் வந்த குதிரை சக்தி

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் விலைக்கு அடுத்தபடி ஆண்கள் கவலைப்படுவது மைலேஜைப் பற்றி. என் அத்தானுக்கு இரண்டு கவலையும் உண்டு. நாற்பது மூடு ரப்பரும், பத்து வயதை நெருங்கும் பெட்ரோல் டாக்ஸியும் வைத்திருக்கிறார். திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்கள்தான் சவாரி.

"மாப்ளே, டாங்குக்கு ஒண்ணு ஊத்துனா வண்டி பறக்கும்னு சொல்லுகான்" என்று போன மாதம் ஒரு பாட்டிலை நீட்டினார். ஆக்டேன் பூஸ்டர். விலை ஐந்நூறுக்கு மேல். ஒரு நடை சவாரியில் கையில் நிற்பதே அவ்வளவுதான்! அதில் நாலு வாங்கியிருந்தார்.

ஆக்டேன் என்றால் ஏதோ சத்து டானிக் என்று நினைக்கிறோம். இல்லை ஸார்! பிளக் வைத்த தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல், சிலிண்டர் மூலையில் கிடக்கும் பெட்ரோல் தானாக வெடித்தால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். அந்த முந்திரிக்கொட்டைத்தனம் இல்லாத குணத்துக்குப் போடும் மார்க்தான் ஆக்டேன். 91 போதும் என்று செய்த எஞ்சினுக்கு 97 கொடுத்தால் லாபம் ஏறத்தாழ சைபர். அதிகம் கேட்கிற எஞ்சின் என்றால் கார் கம்பெனியின் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். அவர்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோலே 2020-ல் வந்துவிட்டது. இன்னொரு கூத்து: சில பாட்டில்களில் 'முப்பது பாயிண்ட் ஏறும்' என்று போட்டிருக்கும். பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன்!

தவிர, இப்போது பங்கில் போடுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே 95 ஆக்டேன். கேட்காமலே பூஸ்டர் ஊற்றித்தான் தருகிறார்கள். ஆனால் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அத்தானின் மைலேஜ் இறங்கியதில் அதற்கும் பங்குண்டு. பாட்டில் அதைத் திருப்பித் தராது.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை, இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ரப்பர் ஊர்க்காரருக்கு இது உறைக்க வேண்டாமா? மெக்கானிக்கிடம் இழுத்துப் போனேன். பானெட்டைத் திறந்தவர், பெட்ரோல் ஹோஸை விரலால் அமுக்கிக் காட்டினார். கொழகொழவென்றிருந்தது, இணைப்பில் ஈரம்.

"பின்னால பிள்ளையள ஏத்திக்கிட்டு இதுலயா அண்ணே போறிய?" என்றார். அத்தான் வாயே திறக்கவில்லை.

ஹோஸ் மாற்றிய செலவு, ஒரு பாட்டில் விலைகூட இல்லை. பிரிக்காத மூன்று பாட்டிலையும் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்று அத்தான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.