முகமும் சான்றும்

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் தலைவர் ஹான்ஸி குரோனியே சூதாட்டத் தரகருடன் பேரம் பேசினார் எனத் தில்லிப் போலீசார் அறிவித்தனர். அவரோ நிருபர்கள் முன் அமர்ந்து, நிலைகுலையாமல் மறுத்தார். 'இந்த முகத்திலா பொய் இருக்கும்?' என்று எங்கள் குடியிருப்பில் வாதாடியோர் பலர். ஏப்ரல் 11 அன்று, தாம் முழு உண்மை கூறவில்லையென அவரே ஒப்புக்கொண்டார். ஆயுள் தடை பெற்ற அவர், 2002-இல் விமான விபத்தில் மாண்டார்.

அதே 2000-ஆம் ஆண்டில் கபில்தேவ் மீதும் பழி எழுந்தது. தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் விம்மி அழுதார். அதே அன்பர்கள் அதனை நடிப்பு என்றனர். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை, அவருக்கு எதிராக நம்பத்தகுந்த சான்றில்லை எனக் கூறிற்று.

அமைதி வாய்மையுமன்று, கண்ணீர் வேடமுமன்று. காமிரா முகத்தைக் காட்டும், உள்ளத்தைக் காட்டாது.

பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. பேச்சும் தோற்றமும் வேறுபட்ட நம்மை முகம் பார்த்தே எடைபோடுவோர் இங்கும் உளர். அவர்களிடம் நாம் வேண்டும் நீதி, சான்று கண்டு தீர்ப்பளிக்கும் நீதியே. அதனைப் பிறர்க்கு மறுத்துவிட்டு, நமக்கு மட்டும் எவ்வாறு கேட்பது?