கார் அழுதால் கவனியுங்கள்

வாப்பா விட்டுப்போன கொரோலா 110தான் இன்றும் எங்கள் வீட்டு வாகனம். மூன்று வாரமாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணி வளைக்கும்போது பூனை முனகுவது போல ஒரு சத்தம். "மகன், கார் ஏன் அழுவுது?" என்று உம்மா கேட்டதற்குச் சிரித்துவிட்டேன். கொப்பி திருத்துகிற பிள்ளையைப் போல, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் உம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு அம்பாறைக்குப் போனேன். காரைதீவுச் சந்தியில் இடப்பக்கம் வளைத்தபோது ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. கார் அடுத்த பக்கத்துக்கு ஏறிப்போக, எதிரில் வந்த பஸ் பிரேக் அடித்து நின்றது. உம்மா ஒன்றும் பேசவில்லை. என் கைகள்தான் நடுங்கின.

அந்த நேரம் எனக்குத் தெரியாத ஒன்று: பவர் நின்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்வதில்லை, பாரமாவது மட்டும்தான். இரண்டு கையாலும் பலமாகச் சுழற்றினால் சில்லு திரும்பும். பயந்து கையை விடுவதுதான் ஆபத்து.

முதலில் போன கராஜில் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "ரேக் போயிட்டுது சேர், மாத்தோணும்." சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். லோன் போடுவோமா என்று யோசித்தபடி, என்னிடம் படித்த ஒரு பையனின் கராஜுக்குப் போனேன். அவன் முதலில் டயர்களில் காற்றுப் பார்த்தான். காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் பாரமாகுமாம். பிறகு ஒயில் போத்தலின் மூடியைத் திறந்து காட்டினான். ஒயில் அடிமட்டத்தில், மேலே சவர்க்கார நுரை மாதிரி. காற்று உள்ளே போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், முனகலும் அதனால்தான். பம்புக்குப் போகும் ஹோஸின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கசிந்த ஒயில் பட்டு பெல்ட்டும் வழுக்கியிருக்கிறது.

ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைகளை அமுக்கிப் பார்க்கச் சொன்னான். சீல் போயிருந்தால் ஒயில் அதற்குள் தேங்குமாம். இரண்டும் காய்ந்து கிடந்தன. ரேக் நல்லாயிருக்கு.

ஹோஸ், வளையம், பெல்ட், புது ஒயில் மாற்றியதோடு வேலை முடிந்தது. முன் சில்லுகளை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓஃப் பண்ணிய நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகப் பல தடவை சுழற்றினோம். ஒயில் இறங்க இறங்க ஊற்றினோம். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட் பண்ண விட்டான்.

என் காருக்கு டெக்ஸ்ரன் ஏடிஎஃப் ஒயில். உங்கள் காருக்கு எது என்று மூடியில் அல்லது கையேட்டில் பாருங்கள். அவசரத்துக்கு பிரேக் ஒயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சீல் எல்லாம் ஊதிப் பழுதாகும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்கிற பழக்கமும் வேண்டாம், பம்ப் சூடாகும். விட்ஸ், வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் ஒயில் தேட வேண்டாம். அதில் இருப்பது மின்மோட்டர். ஸ்டியரிங் லைட் எரிந்தால் முதலில் பற்றரியையும் பியூஸையும் பாருங்கள்.

நேற்று மழைக்குள் பெல்ட் ஒருதரம் கீச்சிட்டது. உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஓரமாக நிறுத்தி பொனட்டைத் திறந்தேன்.