கைக்குத் தெரியாத மின்னல்

சீப்பைத் தலைமயிரில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளை இழுத்து விளையாடாதவர் எம்மில் குறைவு. அந்த நிலைமின் ஏற்றமே, நடக்கும்போதும் இருக்கையிலிருந்து எழும்போதும் நமது உடலிலும் சேர்கிறது. அது சுமார் 3,000 வோல்ற்றை எட்டினால்தான் கதவின் பிடியைத் தொடும்போது சுரீரென்று நமக்கு உறைக்கும். நுண்சில்லுகள் சிலவற்றைச் சிதைப்பதற்கோ 100 வோல்ற்றுக்கும் குறைவான அளவே போதுமானது. ஆகவே, கணனியின் பாகமொன்றைக் கொல்லும் மின்னல் நம் விரல் நுனியிலிருந்து பாய்ந்தாலும் நாம் அதை அறிவதில்லை.

அடிபட்ட சில்லு உடனே செத்துவிட்டால் அது ஓரளவு நல்லது; மாற்றிவிடலாம். சில சில்லுகள் குற்றுயிராக இயங்கி, மாதங்கள் கழித்தே பழுதைக் காட்டும். பழுதடைந்த நினைவகம், நாம் சேமிக்கும் கோப்புகளைச் சத்தமின்றிச் சிதைக்கவும் கூடும். போரிலும் இடப்பெயர்விலும் நூல்களையும் படங்களையும் இழந்த எம்மவர் பலருக்கு எஞ்சியவை இன்று கணனியில்தான் இருக்கின்றன. எனவே இது தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமான விடயமன்று.

நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகம் ஒன்றில், கணனி திருத்த வந்த இளைஞர் மணிக்கட்டில் பட்டியொன்றை மாட்டி, அதன் வயரைக் கணனியின் உலோகச் சட்டத்தில் கொழுவினார். "தம்பி காப்புக் கட்டிவிட்டார், இனி விரதந்தான்" என்று ஆசிரியபீடத்தில் ஒருவர் பகிடி விட்டார். "காப்பு எனக்கில்லை ஐயா, இதுக்குத்தான்" என்று கையிலிருந்த நினைவகத்தைக் காட்டினார் அவர். உடலும் கணனியும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பொறி பாய வழியில்லை. அப்பட்டியில் உள்ள 1 மெகாஓம் தடை, ஏற்றத்தை மெதுவாக வடியவிடுவதோடு அணிந்தவரின் உயிருக்கும் காவலாகிறது.

பட்டி இல்லாதவர்கள், மின்னிணைப்பைக் கழற்றிய பின், வர்ணம் பூசப்படாத உலோகச் சட்டத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளலாம். புதிய பாகத்தைப் பொருத்தும் கணம்வரை அதன் சாம்பல்நிறப் பையிலேயே வைத்திருங்கள். பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பொன்னிற முனைகளில் விரல் படக்கூடாது. தரைவிரிப்பு, மெத்தை, பொலித்தீன் ஆகியவற்றின் மீது வைத்து வேலை செய்யவேண்டாம். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கொழும்பின் ஈரக்காற்று ஏற்றத்தை ஓரளவு வடியவிடும். குளிரூட்டிய அறையில் அந்தத் துணை குறைவு. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் உறவுகள் மாரியில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவெனப் பொறி பறப்பதைக் கண்டிருப்பர். வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றே அதற்குக் காரணம். அத்தகைய நாட்களில் கணனியைத் திறப்பதாயின் கம்பளிச் சட்டையை முதலில் கழற்றி வைத்துவிட்டு, பட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பாக, கோப்புகளின் பிரதியொன்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.