தட்டுப்போரும் ஊறுகாய்ப் புல்லும்

துடியலூரில் எங்கள் வீட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் அந்தக் காலத்தில் ஒரு தட்டுப்போர் இருக்கும். சோளம் அறுத்ததும் தட்டைக் காயவைத்து, மழைத்தண்ணி உள்ளே இறங்காதபடி ஐயன் போர் போடுவார். அடுத்த வெள்ளாமை வரைக்கும் மாடுகளுக்கு அதுதான் சோறு. இன்று அந்த இடத்தில் வீடுகள்.

கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊறுகாய்ப் புல் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். பச்சைத் தீவனத்தைப் பொடியாக நறுக்கி, குழியில் மிதித்து, காற்றுப் புகாமல் மூடினால் சுமார் 45 நாளில் புளித்துப் பதமாகிவிடும். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். ஐயன் சிரித்தார். "ஊறுகா மனுசன் தொட்டுக்கறதுக்குடா. மாட்டுக்கு எதுக்கு?"

இப்போது அதே சரக்கு பிளாஸ்டிக் சுற்றிய மூட்டைகளில் லாரியில் வந்து இறங்குகிறது. மக்காச்சோளப் பயிரைப் பால் முற்றும் பருவத்தில் கதிரோடு அறுத்து நறுக்கிக் கட்டியது. என் தம்பி மகனும் கறவை மாடுகளுக்கு அதைத்தான் போடுகிறான். அவனிடம் ஒரு பெட்டைக் குதிரையும் இருக்கிறது. அந்தியூர் ஆடித் தேர்ச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கியது.

போன கோடையில் காய்ந்த தீவனம் கிடைக்காமல் போனை எடுத்தான். "பெரீப்பா, மாட்டுக்குப் போடறதையே குதிரைக்கும் போட்டரலாமுங்களா? வெளிநாட்டுல குதிரைக்கு மூட்டை கட்டுன புல்லுத்தான் போடறாங்களாமா."

நான் ஏதோ வேலையில் இருந்தேன். "போடு கண்ணு, தின்னாத் தின்னட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் ராத்திரி குதிரை படுத்துப் புரண்டது. காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பி வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வலிக்கு ஊசி போட்டு, நடக்க வைக்கச் சொன்னார். விடியும் வரை அவனும் நானும் மாறி மாறி நடத்தினோம். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. வெளுக்கும் நேரத்தில் லத்தி போட்டது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம்.

வாழ்நாள் முழுக்க மாடு பார்த்த கை, குதிரையையும் மாடாக நினைத்துவிட்டது. மாட்டுக்கு நாலு அறை இரைப்பை. தின்றது முதலில் அங்கேதான் புளிக்கும். குதிரைக்கு இருப்பது ஒற்றை இரைப்பை. நார் செரிப்பது பின்னால், பெருங்குடலில். அங்குள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக நாள் பிடிக்கும். ஒவ்வாததைத் தின்றால் குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. வெளிநாட்டில் போடுவதும் இந்தச் சரக்கு இல்லை. புல்லை அறுத்து, பாதி ஈரம் போக உலர்த்திச் சுற்றியது அது. நம் மக்காச்சோள மூட்டையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஈரம், அதோடு மணியில் உள்ள மாவுச்சத்து. உறை கிழிந்து பூசணம் பூத்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ மாட்டுக்கே ஆகாது. குதிரைக்கு அது உயிருக்கே உலை. அதில் உண்டாகக்கூடிய ஒரு நஞ்சை மாட்டைவிடக் குதிரை தாங்காது.

எந்தத் தீவனமானாலும் பழையதோடு காலே கால் பங்கு கலந்து ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நாளில்தான் முழுசாக மாற்ற வேண்டும். இது புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல. மழைக்குப் பிறகு பச்சை வந்தாலும் ஐயன் ஒரேயடியாக மாற்ற மாட்டார். பழைய தட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் போடுவார். கேட்டால், "வயிறும் பழகோணுமல்லடா" என்பார்.

அந்த ஊறுகாய்ப் பேச்சுக்கு அவரைப் பழங்காலத்து மனுசன் என்று நான் நினைத்ததுண்டு. அன்று ராத்திரி குதிரையின் கயிற்றைப் பிடித்து நடந்தபோது, அவர் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது குதிரைக்குக் காங்கயம் பக்கமிருந்து காய்ந்த கொழுக்கட்டைப் புல் வருகிறது. மூட்டை மாடுகளுக்கு மட்டும். தம்பி மகன் போனில் தீவனம் பற்றிக் கேட்டால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துதான் பதில் சொல்கிறேன்.