பாட்டாவை அப்படிச் சொல்லாதே, மக்களே

செங்கல்

அன்புள்ள மக்களே,

ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து சாப்பிடாமலே தூங்குறியாம், உன் அம்மை சொல்லி வருத்தப்பட்டா. வயிறு காயப் போடாதே.

பாட்டாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கு. மனசுதான் சரியில்ல. போன வாரம் போன்ல நீ அவரை ‘மூராச்சி’ன்னு, பிற்போக்குவாதின்னு, சொன்னியே, அது அவருக்கு இன்னும் ஆறல. நீ ஏதோ கோபத்துல சொன்ன. அவரோ இளவயசுல ஜாதாவில நடந்து, நிலத்துக்காரங்களான ஜன்மிகளைப் பார்த்து அந்தச் சொல்லைத் தொண்டை கிழியக் கூவினவர். ஊரூட்டம்பலத்துல பஞ்சமிங்கிற தலித் பிள்ளையை அய்யன்காளி பள்ளிக்கூடத்துல சேர்த்ததுக்காக, பள்ளிக்கூடத்தையே தீ வச்சுக் கொளுத்தினாங்களே, அவங்களுக்குச் சேர வேண்டிய பேரு அது. நீ கடை கட்ட வயலை மண்ணடிக்க விடமாட்டேன்னு சொன்ன கிழவனுக்கா அதைக் கொடுப்ப?

வி.எஸ். அச்சுதானந்தனை 90-கள்ல என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா? நெல்வயலை அழிக்கக்கூடாதுன்னு நின்னதுக்கு ‘விகசன விரோதி’, வளர்ச்சிக்கு எதிரின்னாங்க. அந்தப் போராட்டத்துல, வயல்ல வச்ச வாழையையும் மரச்சீனியையும் வெட்டினது எனக்கு இன்னைக்கும் சம்மதமில்ல. ஆனா அவர் முதலமைச்சரா இருந்தப்போ, 2008-ல, நெல்வயல் பாதுகாப்புச் சட்டமே வந்துதே. 70-கள்ல கேரளத்துல 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல நெல் விளைஞ்சுது. இப்போ 2 லட்சத்தை ஒட்டித்தான் நிக்குது.

நமக்குக் கீழ்ப்பக்கம் இருந்த அடுத்தவங்க வயலை நிரப்பினாங்கல்லா, அதுக்கப்புறம் மீன மாசம் வந்தா நம்ம கிணத்துல வாளி சேத்துலதான் இடிக்குது. இடவப்பாதி மழையில தண்ணி போக வழியில்லாம அடுக்களை வரைக்கும் ஏறுது. அடுப்படியில நின்னு தண்ணி கோரி ஊத்துறது நானும் உன் அம்மையும்.

உன் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்லல, மக்களே. நெல்லுல கூலி போக என்ன மிஞ்சும்? எனக்கும் தெரியும். கடை கட்டணும்னா ரோட்டோரத்து விளையில கட்டு. தென்னை நாலு போனாலும் பாட்டா தடுக்க மாட்டார், நான் கேட்டுட்டேன். வயலை மட்டும் விட்டுடு.

ஞாயித்துக்கிழமை அவருக்கு நீயே போன் பண்ணு. என்கிட்டச் சொல்லி அனுப்பாதே. மன்னிப்புன்னு பெருசா ஒண்ணும் வேண்டாம், கால்வலி எப்படி இருக்குன்னு கேளு, போதும்.

உன்
மாமி